அவர் வாசித்துத் தந்த தாள்

போன வருடம் பங்குனி மாதம், இணுவிலில் ஒரு வீட்டு முற்றத்தில் இது நடந்தது. பின்னேரம் இரண்டு மணி இருக்கும். வெயில் ஒரு வான் வண்டியின் தகரத்தில் பட்டு முகத்தில் அடித்தது. நான் அந்த வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். என் கையில் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முதல் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்கிறவன். அச்சுவேலிச் சந்தைக்குப் போகிற வழியில் நாலு தகரம் போட்ட கொட்டில்தான் என் வேலையிடம். ஓட்டோ, வான், உழவு இயந்திரம் என்று எது வந்தாலும் பார்ப்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சண்டை தொடங்கி ஊர் ஊராக ஓடினோம். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் போகிற வயது தாண்டிவிட்டது போல எனக்கே ஒரு வெட்கம். தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. மீற்றரில் வருகிற இலக்கம் தெரியும். அது போதும் என்று முப்பது வருடத்தை ஓட்டிவிட்டேன்.

கூச்சம் என் பிறவிக் குணம். வாகனக்காரர் என்ன பழுது என்று கேட்டால், விளக்கம் சொல்லாமல் எரிந்த வயர்த் துண்டை அவர் கையில் கொடுத்துவிடுவேன். "உன்ரை வாயை ஆர் கறள் பிடிக்க விட்டது?" என்று, துருப்பிடித்த இரும்பைப் பார்ப்பது போலப் பார்த்து என் மனைவி கேட்பாள்.

என்னை அங்கே கூப்பிட்டவர் கனடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, மனைவியோடு ஊருக்கு வந்து குடியேறியவர். எழுபது வயதை நெருங்கியவர். பெரிய வான் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சமைக்கச் சின்னக் குசினி, தண்ணீர்ப் பம்பி, பிரிட்ஜ் எல்லாம் பூட்டி, ஓடுகிற வீடாக மாற்றி வைத்திருந்தார். இப்படி ஒரு வாகனத்தை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். கனடாவில் பழைய வண்டியொன்றில் இருந்து கழற்றிய வயரிங்கையும் பற்றறிக்குக் கரண்ட் ஏற்றுகிற சார்ஜ் பெட்டியையும் வீட்டுச் சாமானோடு கப்பலில் கொண்டு வந்து, தன் கையாலேயே பூட்டியிருந்தார். உள்ளே எதைத் திறந்தாலும் ஒரு சின்னத் தாள் ஒட்டி, அதில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. சீனிப் போத்தலிலும் ஒன்று ஒட்டியிருந்தது.

அவர் இதை ஊர் சுற்றிப் பார்க்கச் செய்யவில்லை. மனைவிக்கு நுரையீரலில் வருத்தம். மூக்கில் குழாய் வைத்தபடிதான் இருப்பார். ஒட்சிசன் மெஷின் ஒன்று, தோள் பை அளவு, எப்போதும் பக்கத்தில் ஓட வேண்டும். அது வானின் பன்னிரண்டு வோல்ற்றிலும் ஓடும், வீட்டுக் கரண்டிலும் ஓடும். அந்த அக்கா நாலு இடத்துக்குப் போய்வர வேண்டும் என்பதற்காகவே இந்த வான்.

ஆனால் ஒரு மாதத்துக்கு முதல் அந்த வான் அவர்களைக் கைவிட்டிருந்தது. தென்மராட்சியில் இருந்த அக்காவின் தமக்கை காலமாகிவிட்டார். செத்த வீட்டுக்குப் புறப்பட்டுக் கைதடி தாண்டும்போது மெஷின் 'பீப், பீப்' என்று கத்தத் தொடங்கியது. வோல்ற்றேஜ் குறைந்தால் அது அப்படித்தான் கத்தும். கையிருப்பில் இருந்த சிலிண்டர் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் காணும். திரும்பி வர மட்டுமே போதும் என்று கணக்குப் பார்த்து, வழியிலேயே வானைத் திருப்பிவிட்டார்கள். தமக்கையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

நான் வேலைக்குப் போன நாளுக்கு அடுத்த நாள், தமக்கை காலமாகி முப்பத்தோராம் நாள். கீரிமலையில் கிரியை செய்து சாம்பலைக் கடலில் விடுகிற அந்தியேட்டி. அதற்காவது போய்விட வேண்டும். போக, இருக்க, வர என்று நாலு மணித்தியாலம் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும். எனக்கு முதல் பார்த்த ஒருவர் பற்றறியில் பழுதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இதையெல்லாம் அந்த அண்ணை எனக்குச் சொல்லிவிட்டு, ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"எல்லாம் இதிலை விபரமா எழுதியிருக்கிறன். ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பிறகு தொடுங்கோ."

இரண்டு பக்கமும் இங்கிலீஷ். அச்சடித்தது போல, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, கோடு பிசகாமல் எழுதியிருந்தார். மேலே ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு தரம் கோடு. நான் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மறுபக்கம் திருப்பினேன். "ஓம் அண்ணை, விளங்குது" என்று தலையாட்டினேன். எத்தனையோ பேருக்கு இப்படித் தலையாட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

வானின் ஜன்னல் திறந்திருந்தது. அந்த அக்கா உள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வீட்டிலிருந்து இழுத்த வயரில் மெஷினை ஓடவிட்டு, நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையைத் தொடங்கினேன். பற்றறியில் மீற்றரைப் பிடித்தால் பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. மெஷினின் பிளக்கை வானுக்கு மாற்றிக் கொளுவி, அந்தச் சொக்கற்றில் பார்த்தால் பதினொன்றுக்குக் கீழே விழுந்தது. உடனே 'பீப், பீப்'. மறுபடி வீட்டு வயரில் கொளுவிவிட்டேன். எங்கேயோ ஒரு இணைப்பு கரண்டைத் தின்கிறது என்று விளங்கியது. பற்றறி இருந்த பக்கத்துக் கதவைத் திறந்தேன். இரண்டு முனையிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பிடிபட்டுவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோசம். இரண்டு வயரையும் கழற்றினேன். எது எந்தப் பக்கம் என்று அடையாளம் வைக்கவில்லை. அதற்கு என்ன தேவை? பற்றறியைத் தூக்கிக் கிணற்றடியில் வைத்து, சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் போட்டுத் தேய்த்து, துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு வயர் கறுப்பு. மற்றது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து அழுக்கேறியது. எங்கள் ஊரில் எந்த வாகனத்திலும் கறுப்பு என்றால் மைனஸ். முப்பது வருடமாக என் கைக்குத் தெரிந்தது அது. கறுப்பை மைனஸில் பூட்டினேன். மற்றதைப் பிளஸில் தொட்டேன்.

ஒரு பொறி. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கட்டிலுக்குக் கீழே இருந்த சார்ஜ் பெட்டியில் முதல் எரிந்துகொண்டிருந்த பச்சை லைற் எரியவில்லை. வானுக்குள் ஒரு லைற்றும் இல்லை, பம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை.

வயரை இழுத்து எடுத்தேன். நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. என்ன பிழை என்றுதான் தெரியவில்லை. அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் பதில் இருக்கிறது என்றும் தெரிந்தது. அதை எடுத்துப் பார்த்து என்ன செய்ய?

சத்தம் கேட்டு அண்ணை ஓடிவந்தார். அப்போது நான் சொன்னதை இன்றைக்கு எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

"பெட்டி எரிஞ்சிட்டுது போல அண்ணை. பழைய பெட்டிதானே. இஞ்சை உது எடுக்கேலாது."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. குனிந்து பெட்டியை ஒருக்கால் தட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "அப்ப நான் தம்பிக்குச் சொல்லிவிடுறன், எங்களைப் பார்த்துக்கொண்டு நிக்காமல் தொடங்கச் சொல்லி" என்றார். தம்பி என்று அவர் சொன்னது காலமானவரின் மகனை. போன் எடுக்க வீட்டுக்குள் போய்விட்டார். அவர் தோள் தொங்க நடந்து போனதைப் பார்த்தும் நான் அவரை மறித்து உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது முற்றத்தில் நானும், ஜன்னலுக்குள் அந்த அக்காவும்தான். அவர் அழுவார் என்று நினைத்தேன். திட்டினாலும் நல்லது என்று இருந்தது. அவர் கையை வெளியே நீட்டினார்.

"தம்பி, அந்தத் தாளை இஞ்சை தாங்கோ. இவரின்ரை எழுத்து ஒருத்தருக்கும் விளங்காது. நான் வாசிக்கிறன், நீங்கள் வேலையைப் பாருங்கோ."

ஒரு எழுத்தும் தெரியாத எனக்கே அது எவ்வளவு வடிவான எழுத்து என்று தெரியும். அது விளங்காத எழுத்து இல்லை. அவர் என் கண்ணைப் பார்த்திருக்கிறார். தாளின் மேல் என் கண் ஓடாமல் ஒரே இடத்தில் நின்றதை அந்த ஜன்னலுக்குள் இருந்து பார்த்திருக்கிறார். நான் தலை நிமிராமல் தாளைக் கொடுத்தேன். அவர் அதைக் காணாதவர் போல மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

பிறகு வாசிக்கத் தொடங்கினார். இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்து, தமிழில். ஒரு வரி சொல்வார். நிறுத்துவார். குழாயால் இரண்டு மூச்சு இழுப்பார். அடுத்த வரி சொல்வார்.

முதல் வரியிலேயே என் பிழை இருந்தது. சிவப்புக் கோடு போட்ட வரி. இந்த வானில் கறுப்பு வயர்தான் பிளஸ், வெள்ளைதான் மைனஸ், கவனம் என்று எழுதியிருந்தாராம். அந்த நாட்டில் இப்படியான வண்டிகளில் அப்படித்தான் வயர் இழுப்பார்களாம். அக்கா அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பற்றறியை யாராவது மாறிப் பூட்டினால் பெட்டி எரியாது, அதன் இடது பக்கத்தில் உள்ள இரண்டு பெரிய பியூஸ் மட்டும் எரியும், புதியவை பிஸ்கற் ரின்னில் இருக்கின்றன என்று அடுத்து எழுதியிருந்தது. நான் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு உள்ளே ஏறினேன். பெட்டியின் மூடியைக் கழற்றினேன். இடது பக்கம் இரண்டு பச்சைப் பியூஸ். இரண்டும் உள்ளே கரிந்திருந்தன. ரின்னைத் திறந்தால் புதிதாக ஆறு இருந்தன. மாற்றினேன். வெளியே வந்து கறுப்பைப் பிளஸில் பூட்டினேன். என் கை மறுத்தது. இரண்டு தரம் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் பூட்டினேன். பச்சை லைற் எரிந்தது.

ஆனால் மெஷினின் பிளக்கை வானில் கொளுவியதும் பழையபடி 'பீப், பீப்'. பொருக்குத் தேய்த்ததால் ஒரு துளிதான் கூடியிருந்தது. அவ்வளவு பாடுபட்டும் உண்மையான பழுது அங்கேயேதான் இருந்தது.

அக்காவின் முகம் வெளிறியிருந்தது. போதும் அக்கா என்றேன். கையால் சும்மா இரும் என்பது போலக் காட்டிவிட்டு, தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். பம்பியைப் பற்றி ஒரு பந்தி, பிரிட்ஜைப் பற்றி ஒரு பந்தி. "இந்த மனிசன் கலியாணத்துக்கு முதல் எனக்கு எழுதின கடிதம் இதிலை அரைவாசி இல்லை" என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. மெஷினைத் திரும்பவும் வீட்டு வயரில் கொளுவி, அவர் ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பந்தியில்தான் எனக்குத் தேவையான வரி இருந்தது. மைனஸான வெள்ளை வயர் வானின் தகர உடம்போடு சேருகிற இடம், இடது பின் ரயர்ச் சில்லுக்கு மேலே, படிக்குப் பின்னால், ஒரு பெரிய மரை ஆணியில் என்று.

எனக்குத் தெரிந்த முறை ஒன்று உண்டு. மெஷினை வீட்டு வயரிலேயே ஓடவிட்டு, பிரிட்ஜையும் பம்பியையும் எல்லா லைற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, வானுக்குக் கீழே புகுந்தேன். பழுதான இணைப்பு சுடும். புறங்கையை வயரோடு ஓட்டிக்கொண்டு போனேன். படிக்குப் பின்னால், சேறு மூடிய ஓர் ஆணியில் கை சுட்டது. தாள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் நான் தேடியிருக்கவே மாட்டேன். பற்றறிக்கும் அதற்கும் ஆறு அடி தூரம். கழற்றினால் கறள் மாவாகக் கொட்டியது. அண்ணை பெயின்ற்றைச் சுரண்டாமல் அதற்கு மேலேயே ஆணியை முறுக்கியிருந்தார். கடற்காற்று மிச்ச வேலையைப் பார்த்திருந்தது. தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை அரத்தால் உரசி, புது ஆணி போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன்.

மெஷினை வானில் கொளுவினேன். சொக்கற்றில் மீற்றர் பன்னிரண்டரைக்குக் கிட்டக் காட்டியது. சத்தம் இல்லை. நானும் அக்காவும் அந்தச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தபடி இருந்தோம். வரவில்லை.

அண்ணை வெளியே வந்தபோது பச்சை லைற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா தாளை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டி தானாகச் சரிவந்துவிட்டது என்று நான் சொன்னாலும் அக்கா மறுத்துச் சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் எனக்குப் பொய் சொல்ல முடியவில்லை.

"அண்ணை, பெட்டியிலை பழுதில்லை. நான்தான் மாறிப் பூட்டினனான். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அக்காதான் வாசிச்சுச் சொன்னவ."

என் வாழ்க்கையில் ஒரு ஆளிடம் ஒரே மூச்சில் நான் சொன்ன நீளமான பேச்சு அதுதான். அண்ணை தலையைச் சொறிந்தார்.

"நானே ரெண்டு தரம் மாறிப் பூட்டினனான். இல்லாட்டில் ஏன் ரின் நிறையப் பியூஸ் வைச்சிருக்கிறன்?" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக மனைவி பக்கம் திரும்பினார். "ஏன் வாசிச்சுச் சொன்னனீர்? கனக்கக் கதைச்சு மூச்சைச் செலவழிக்க வேண்டாமெண்டெல்லோ டொக்ரர் சொன்னவர்? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"உம்மடை எழுத்து விளங்கேல்லை எண்டுதான்."

"என்ரை எழுத்தோ? பள்ளிக்கூடத்திலை எழுத்துக்குப் பரிசு வாங்கினனான் நான்."

அவர் உண்மையாகவே மனம் நொந்துபோய்விட்டார். அக்கா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினார்.

அடுத்த நாள் விடிய, யாரும் கூப்பிடாமலே, சாமான் பெட்டியை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த வானுக்குப் பின்னால் கீரிமலைக்குப் போனேன். வேலை முடிந்த பிறகு ஒரு வாகனத்துக்குப் பின்னால் நான் போனது அதுதான் முதல் தடவை. மதிலோரம் நிழலில் வானை நிறுத்தி, கடல் தெரிய வாசல் கதவைத் திறந்து வைத்தார்கள். மடத்தில் கிரியை நடந்தது. அக்காவால் அந்தப் படிகளில் இறங்க முடியாது. கிரியை முடிய, தமக்கையின் மகன் ஈர வேட்டியோடு, சாம்பல் இருந்த மண் முட்டியை வானடிக்குக் கொண்டுவந்தான். அக்கா அதை வாங்கி மடியில் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கன நேரம் குனிந்தபடி இருந்தார். தன் தமக்கையோடு என்ன கதைத்தார் என்று தெரியாது. அலைச் சத்தத்துக்குள் மெஷின் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. நான் சில்லடியில் நின்று அதை மட்டும் கேட்டேன்.

முட்டியைக் கடலில் விட எல்லோரும் போன பிறகு, அவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நான் கனடாவுக்குப் போன புதுசிலை, ஒரு ஃபக்டரியிலை ரெண்டு வருசம் தலையாட்டினனான் தம்பி. என்ன தாள் நீட்டினாலும் ஓம், ஓம். ஒருநாள் மெஷினுக்குள்ளை கை போகப் பார்த்தது. பக்கத்திலை நிண்ட ஒரு மனிசிதான் தாளை வாங்கி, எனக்கு விளங்கிற மாதிரிக் கையாலை காட்டிச் சொல்லித்தந்தவ. ஒருத்தருக்கும் அதைச் சொல்லேல்லை அவ."

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தார். மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

அந்த வான் இப்போதும் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் கொட்டிலுக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த ஆணியைப் பார்த்துக் கிறீஸ் வைப்பேன். அக்கா ஜன்னலுக்குள் இருந்து என் மனைவியின் சுகம் கேட்பார். இப்போது யார் வந்து எந்தத் தாளை நீட்டினாலும், நான் அதை வாங்குவதில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, வாசிச்சுச் சொல்லுங்கோ, பிறகு தொடுறன்" என்று சொல்லிவிடுவேன். முதல் சில தடவை நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வாசித்துத்தான் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு மூச்சையும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய ஒருவர், அன்றைக்கு அரை மணித்தியால மூச்சை எனக்காக, என் முகம் கோணக்கூடாது என்பதற்காகக் கொடுத்தார். யாராவது எனக்கு ஒரு தாளை வாசித்துச் சொல்கிறபோதெல்லாம், இரண்டு வரிக்கு இடையில் அவர் நிறுத்தி மூச்செடுத்த அந்தச் சின்ன இடைவெளி என் காதில் கேட்கிறது.